“ஒரு நாள்தானே, சாப்பிடு!” என்றால் என்ன சொல்வது?
சர்க்கரை நோயும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்



சர்க்கரை நோய் இன்று கிராமத்திலும் வந்துவிட்டது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் வேலைக்கு நம்மைப் போன்ற குழுப் பெண்களையே எடுத்தார்கள்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு அப்படி வராது. அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும். அதில்தான் நம்மில் பலரும் தடுமாறுகிறோம். காரணம் நாக்கு ருசி மட்டுமா? இல்லை. சுற்றி இருப்பவர்கள் சொல்லும் சொல்லும்தான்.

ஒரு நாள்தானா?

“ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்பார்கள். ஒரு மாதத்தை எண்ணிப் பாருங்கள். அமாவாசைப் பாயசம், கோயில் பொங்கல், ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு, ஒரு புதுமனை புகுவிழா, பேரன் பிறந்த நாள். எல்லாமே ‘ஒரு நாள்’தான்!

வாரம் 20 ரூபாய் சேர்த்தால் அது எப்படிப் பெருகும் என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படியே. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் இந்த ‘ஒரு நாள்’ எல்லாம் சேர்ந்து கணக்காகிவிடும்.

டீயையும் பாருங்கள். ஒரு டம்ளருக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். தினம் நாலு டீ குடித்தால் மாதம் 1 கிலோ 200 கிராம்! வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு எல்லாம் கெடும். காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடிக் காலையே எடுக்க நேரலாம். அப்போது “ஒரு நாள்தானே” என்று சொன்னவர்கள் வந்து நம் பாட்டைப் படமாட்டார்கள்.

வீட்டுக்குள்ளே வரும் தொல்லை

“எனக்குன்னு தனியா சமைச்சா என்ன நினைப்பாங்க?” என்ற கூச்சம் நமக்கு உண்டு. தனிச் சமையல் தேவையே இல்லை. அதே சோறு, அதே குழம்புதான். அளவுதான் வேறு. தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், கால் பங்கு மட்டும் சோறு. காயை முதலில் சாப்பிடுங்கள். கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் நல்லவை; ஆனாலும் அளவு வேண்டும்.

இன்னொன்று. எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதை “வீணாப் போகுதே” என்று நாம்தான் சாப்பிட்டுத் தீர்க்கிறோம். நம் வயிறு குப்பைத் தொட்டி இல்லை, சகோதரிகளே! அடுத்த நாள் முதல் கால் படி அரிசி குறைத்து உலை வையுங்கள்.

விருந்துக்குப் போனால்

எதுவுமே வேண்டாம் என்றால் கொடுப்பவர் மனசு நோகும். எது வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கினால் நோகாது.

• உறவினர் வீட்டில்: “அண்ணி, டீ போடும்போதே எனக்குச் சக்கரை போடாம எடுத்து வச்சிருங்க. இல்லேன்னா ஒரு டம்ளர் மோர் குடுங்க.”

• பந்தியில்: இலையில் வைத்த பிறகு மிச்சம் வைப்பது சங்கடம். பாயச வாளி வரும்போதே இலையைக் கையால் மறைத்து, “எனக்கு வேண்டாம்ப்பா, கூட்டு இன்னும் கொஞ்சம் வை” என்று சொல்லுங்கள்.

• கோயிலில்: பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துளி வாயில் போட்டு, மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சாமி கோபிக்காது.

• மாமியாரிடம்: “அத்தே, நான் நல்லா இருந்தாத்தானே உங்களைப் பாத்துக்க முடியும்? டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டாங்க.” அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டால் அவரே நமக்குக் காவல்.

“வெளியே தெரிஞ்சா பொண்ணு கேட்டு வருவாங்களா?” என்று நோயை மறைப்பவர்களும் உண்டு. மறைத்தால் ஒவ்வொரு பந்தியிலும் பொய் சொல்ல வேண்டும். இது நாம் செய்த குற்றம் இல்லை.

கவனம்!

கட்டுப்பாடு என்றால் பட்டினி இல்லை. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, மயக்கம் வரும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் ஒரு முறை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விரதம் இருக்க நினைப்பவர்கள் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில்

தனியாக மறுப்பது கஷ்டம். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அதுவே வழக்கமாகிவிடும். கூட்டத்தில் இவற்றைப் பேசித் தீர்மானம் போடுங்கள்:

1. கூட்டத்தில் சர்க்கரை போடாத டீ. வேண்டுபவருக்குச் சர்க்கரை தனியாக.
2. கேசரி, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல்.
3. 30 வயதைத் தாண்டிய எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இருந்தால் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும்.
4. நம் வீட்டு விசேஷத்தில் “வேண்டாம்” என்பவரை ஒரு முறைக்கு மேல் வற்புறுத்துவதில்லை.

நாலாவது தீர்மானம்தான் முக்கியம். நம்மை வற்புறுத்துவது அடுத்தவர் மட்டும் இல்லை. அடுத்தவர் இலையில் இன்னொரு கரண்டி வைப்பது நாமும்தானே!