மார்கழி வெயிலும் முகத்தின் நிறமும்

மாணவ நண்பர்களே, கோடையில் கருத்த முகத்தைக் குளிர்காலத்தில் தேற்றிக்கொள்ளலாம் என்று உங்களிற் பலர் எண்ணுகின்றீர்கள். எண்ணம் தவறன்று. ஆனால், வெயில் சுடவில்லையே என்று மார்கழி நண்பகலில் வெறுந்தலையாய்க் கடற்கரையில் உலவுகின்றீர்களே, அதுதான் தவறு.

தோலைக் கருக்கச் செய்வது வெப்பமன்று. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர். அது படுந்தோறும் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மெலனின் என்னும் நிறப்பொருளை மிகுதியாக்குகிறது. கதிரவன் உயரே ஏற ஏற அக்கதிரும் வலுக்கும். வட அட்சரேகை 12 பாகையில் உள்ள புதுச்சேரியில், டிசம்பர் நண்பகலிலும் கதிரவன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் நிற்கிறான். பாரிஸ் நகரத்தார் அவ்வுயரத்தைக் காண ஏப்ரல் இறுதிவரை காத்திருக்க வேண்டும்! கடற்காற்று வெம்மையைத் தணிக்குமேயன்றிக் கதிரைத் தடுக்காது.

குடையும் முழுக்கைச் சட்டையும் இருந்தால், வெயிலாற் கருத்த தோல் சில வாரங்களில் தானே தெளியத் தொடங்கும். கன்னத்திற் படரும் மங்கு வேறு. அதற்கு மருத்துவர் வேண்டும்.

என் பழைய மாணவி ஒருத்தி கடையில் தானே களிம்பு வாங்கிப் பூசினாள். ஒரு மாதம் முகம் பளபளத்தது. பிறகு தோல் மெலிந்து சிவந்து பருக்கள் மண்டின. களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. அத்தகையவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018-இல் விதி வந்தது. வாங்கும் வழக்கம் ஓயவில்லை. அவள் முகம் தேற ஓராண்டு ஆயிற்று.