கரையில் நடக்க ஆள் இருந்த காலம்

திருத்தணி வட்டாரத்தில் அணை என்றாலே எல்லைக்கு அப்பாலுள்ள அம்மப்பள்ளி அணைதான் பேச்சில் வரும். அதைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் ஏரிக்கரையும் மண்ணால் கட்டிய அணைதான். அதன் காலடியில்தான் வயலும் வீடும் இருக்கின்றன.

இந்தப் பக்கத்துக்கு ஏரி புதிதல்ல. அரக்கோணத்தை அடுத்த மகேந்திரவாடியில் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வெட்டினான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த காலத்திலும் ஏரி நிறைந்தால்தான் நெல் நடவு. அதனால் கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடைமழையில், ஏரி நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி மண்வெட்டியோடு கரையின் வெளிச்சரிவில் நடப்பார். எலி வளை, நண்டு வளை கண்டால் களிமண் வைத்து மிதிப்பார். கசிவு இருந்தால் குனிந்து தண்ணீரைப் பார்ப்பார். தெளிந்த நீராக ஊறினால் காவல் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அப்போது ஊரே கரைக்கு ஓடும்.

'ஏரி கோடி போகுது', அதாவது நிறைந்து வழிகிறது என்பது அன்று நல்ல சேதி. உபரி நீர், அது வழிந்தோடக் கட்டிய கலங்கல் வழியே போய்விட்டால் கரைக்கு மேல் ஏறாது. தலைக்கு மேல் தண்ணீர் வழிவதை மண்கரை தாங்காது.

போர்வெல் வந்தது, மதகைத் திறக்கும் தேவை குறைந்தது. கரையில் நடக்கும் ஆளும் போனார். நடக்க நினைத்தாலும் சீமைக் கருவேலம் விடாது. அதன் வேர் பட்டுப்போனால் அந்தத் துளையே தண்ணீருக்கு வழியாகிறது. கோடிக்கால்வாயிலோ வீட்டுமனைகள். 2017இல், ஊராரே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்தை அரசு மீண்டும் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் தூர் வாரித் தந்தாலும் மழை இரவில் காவல் இருக்க ஆள் வேண்டுமே.

2021 நவம்பரில் கடப்பா மாவட்டத்து அன்னமய்யா அணையின் மண்கரையை வெள்ளம் அடித்துச் சென்றது, பலர் மாண்டனர். அதே மாதம் திருப்பதி அருகே, விஜயநகர காலத்து ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழேயுள்ள கிராமங்களைக் காலி செய்தார்கள். அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது அணைப் பாதுகாப்புச் சட்டம். 15 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட அணைகளும், 10 மீட்டருக்கு மேல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையுமே அதில் அடங்கும். நம் ஊர் ஏரிகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அவை நீர்வளத்துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு.

ஏரியின் வேலை மாறியிருக்கிறதே தவிரத் தீர்ந்துவிடவில்லை. தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கித்தான் போர்வெல்லுக்கு வருகிறது. குழாய் இறக்கியவரும் ஆயக்கட்டுக்காரர்தான். ஐப்பசி மழைக்கு முன் கரையைப் பார்க்க அவரையும் கூப்பிட வேண்டும். கலங்கலிலிருந்து கால்வாய் எதுவரை திறந்திருக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் அந்த நடையிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.