கிணற்றுக்கு அடியில் கடல்

விதைநெல் தெரிவு செய்ய நாம் என்ன செய்கிறோம்? வாளித் தண்ணீரில் ஒரு முட்டையை இடுகிறோம், அது தாழ்கிறது. முட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைக்கிறோம். பின்பு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். நல்ல மணி அடியில் தங்கும். உப்புச் சேரச் சேரத் தண்ணீர் பாரமாகிறது. இதையே அடர்த்தி கூடுகிறது என்பர்.

கடல்நீரும் அப்படியே. ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 1000 கிராம் நிறையுடையது. சுமார் 35 கிராம் உப்புள்ள ஒரு லீற்றர் கடல்நீரோ 20 பாகை செல்சியசில் சுமார் 1025 கிராம். சூடேறினால் நீர் விரிந்து இலேசாகும். 30 பாகையில் அதே அளவு கடல்நீர் சுமார் 1022 கிராமே. குளத்தில் குளிக்கும்போது மேல்நீர் சூடாகவும் காலடி நீர் குளிராகவும் இருப்பது இதனால்தான். ஆனால் நிலத்தடியில் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. ஆகவே எமது கிணறுகளுக்கு உப்பே முக்கிய காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லிலும் கிழக்குக் கரையோர மணலிலும், ஊறிய மழைநீர் பாரமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓர் அடியை இறைத்து முடித்தால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கிழக்கில் கடல்நீர் கிணறுகளை நிரப்பியது. மக்கள் திரும்பத் திரும்ப இறைத்தனர். சேறும் குப்பையும் போயின; சவர் போகவில்லை. மழையே அக்கிணறுகளை மெல்ல மெல்லத் தேற்றியது என்பதைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

ஊர் திரும்பிப் பாழடைந்த கிணற்றைத் துப்புரவாக்கும் குடும்பங்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும். கரையோரக் கிணறாயின்,

– சேறு நீங்கும் அளவுக்கு மட்டும் இறையுங்கள். வற்ற வற்ற இறைக்க வேண்டாம்.
– தண்ணீர் சவர்த்தால் கிணற்றை மேலும் ஆழமாக்க வேண்டாம், உவர்நீர்தான் கிட்டவரும்.
– தோட்டத்துக்கு ஒரே மூச்சில் இறைக்காமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள்.
– வரம்பு கட்டியும் குளங்களைத் தூர்வாரியும் மாரி மழையை நிலத்துள் இறங்க விடுங்கள்.

உவர்நீரைக் கீழே அமத்தி வைத்திருப்பது மேலே நிற்கும் அந்த ஓர் அடி மழைநீர்தான். அதை நாம் காத்தால், அது எமது தோட்டத்தைக் காக்கும்.