மாத்திரைக்குப் பின்னால் ஓர் எண்

காசநோயாளி மருந்தை விழுங்கினாரா என்று பார்க்கப் பல வழிகள் வந்துவிட்டன. ஏன் விழுங்கவில்லை என்று கேட்க ஆள் வேண்டும்.

காசநோய் சிகிச்சையில் ஆபத்தான கட்டம், நோய் குறையும்போதுதான் வருகிறது. சில வாரங்களில் காய்ச்சல் விடுகிறது, இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது. குணமாகிவிட்டது என்று நினைக்கும் நோயாளி மாத்திரையை ஓரம் கட்டுகிறார். கிருமி மிச்சமிருக்கிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்கு மசியாத கிருமியும் உருவாகலாம்.

இந்தக் கவலைக்குத் தொடக்கம் சென்னை. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வு, 1959இல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகத் தேறினார்கள். சானடோரியங்களின் மவுசு குறைந்தது. ஆனால் புதிய கேள்வி முளைத்தது: வீட்டில் மாத்திரை உள்ளே போகிறதா என்று யார் பார்ப்பது?

1997இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியத் திட்டம் சொன்ன பதில், நேரடிக் கண்காணிப்பு. ஊழியர் முன்னிலையில் நோயாளி விழுங்க வேண்டும். 2006க்குள் 'டாட்ஸ்' நாடு முழுவதும் பரவியது. பலருக்கு அது உயிர் காத்தது. ஆனால் தினக்கூலிக்காரருக்கு மையத்தில் காத்திருப்பது கூலி இழப்பு. தெருவில் தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு.

2017இல் வாரம் மூன்று நாள் முறை போய் தினசரி மாத்திரை வந்தது. காவலுக்கு செல்போனும் வந்தது. '99டாட்ஸ்' முறையில் மாத்திரையைப் பிதுக்கினால் அட்டையில் மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்கு இலவசமாக ஓர் அழைப்பு கொடுத்தால் அன்றைய கணக்குப் பதிவாகும். சிக்கனமான யோசனைதான். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையுடன் ஒப்பிட்டபோது ஓட்டை தெரிந்தது: விழுங்கியும் அழைக்காதவர்கள் இருந்தார்கள், விழுங்காமலே அழைத்தவர்களும் இருந்தார்கள்.

விடுபட்ட அழைப்பு ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதன் பின்னால் குமட்டல் இருக்கலாம், மது இருக்கலாம், வேலை தேடி வேறு மாநிலம் போன பயணம் இருக்கலாம், காலி வயிறும் இருக்கலாம். அதனால்தான் 2018இல் தொடங்கிய மாதம் 500 ரூபாய் சத்துணவு உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது.

கண்காணிப்பு ஒருவழிப் பாதையாகவும் இருக்க முடியாது. 2024இல் பல மாநிலங்களில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு மாநிலங்களிடம் சொல்ல நேர்ந்தது. மாத்திரையைத் தவறவிட்ட நோயாளிக்கு அரசின் பதிவேட்டில் ஒரு குறி விழுகிறது. மாத்திரை தராத அரசுக்கு அப்படி ஒரு கட்டம் அந்தப் பதிவேட்டில் இல்லை.