பெருங்குடற் புண் அழற்சியும் ஸ்ரெரோயிட் மருந்தும்

ஒரு மருந்தைத் தொடங்குவதிலும் பார்க்க அதனை நிறுத்துவதே கடினமாக அமைவது மருத்துவத்தில் அடிக்கடி காணப்படுவதன்று. கோட்டிசோனும் அதன் வழிவந்த பிரெட்னிசொலோனும் அத்தகைய மருந்துகளாகும். பெருங்குடற் புண் அழற்சி என்னும் நீடித்த நோயில் இவற்றை உட்கொள்ளும் முறையினையும் அம்முறைக்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. நோயாளிக்குக் கூறப்படும் விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் உடற்றொழிலியல் நியாயம் உண்டு. நியாயத்தை மறைத்து விதியை மட்டும் கூறினால், நோயாளி தமக்குத் தோன்றியவாறு அதனை மீறுவதில் வியப்பில்லை.

இந்நோய் நேர்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சவ்வு வழியே மேனோக்கிப் பரவுவது. குருதியும் சளியும் கலந்த மலம், அடிக்கடி எழும் மலவுந்தல், சோர்வு என்பன அதன் குறிகள். உடலின் நிர்ப்பீடனத் தொகுதி குடலுக்கு எதிராகவே தொழிற்படுவதனால் அழற்சி உண்டாகின்றது. அதற்கான மூலகாரணம் இன்னும் முற்றாகத் துலங்கவில்லை. சில காலம் மூண்டும் சில காலம் தணிந்தும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது இதன் இயல்பு. எமது நாட்டில் இது அரிதே எனினும் இல்லாததன்று. கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு ஓர் இலட்சம் பேருக்கு ஐவர் அளவில் இந்நோய் காணப்படுவதாகக் கணித்தது.

கோட்டிசோன் முதன்முதலில் மனிதருக்கு மருந்தாக வழங்கப்பட்டது 1948 செப்ரெம்பரில், ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாத நோயாளி ஒருவருக்காகும். அப்பணிக்காக ஹென்ச், கெண்டல் ஆகியோரும், சுவிற்சர்லாந்தின் றைக்ஸ்ரைனும் 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெருங்குடல் நோயில் அதன் பயனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர்கள் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த துறூலவ், விற்ஸ் என்போர். 1955இல் வெளியான அவர்களது இறுதி அறிக்கை 210 நோயாளிகளைப் பற்றியது. 109 பேருக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. அளவில் கோட்டிசோனும், 101 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் ஆறு வாரங்கள் வழங்கப்பட்டன. முன்னவருள் நூற்றுக்கு 41 பேரிலும் பின்னவருள் 16 பேரிலும் நோய் தணிந்தது.

இவ்வெற்றியினின்றும் ஒரு தவறான முடிவு எளிதிற் பிறந்தது. நோயைத் தணித்த மருந்து தொடர்ந்து உட்கொள்ளப்படின் நோய் மீளாது காக்கும் என்பதே அது. இதே ஒக்ஸ்போட் ஆய்வாளர் கோட்டிசோனை வைத்துப் பரிசோதித்தபோது அத்தகைய காப்பு எதுவும் புலப்படவில்லை. 1965இல் இலண்டனில் லெனாட்-ஜோன்சும் அவர்தம் குழுவினரும் நாளொன்றுக்கு 15 மி.கி. பிரெட்னிசோனைக் கொடுத்து நோக்கியபோதும் அது போலிக் குளிசையிலும் சிறந்ததாக இருக்கவில்லை. ஆகவே ஸ்ரெரோயிட் தீயணைக்கும் மருந்து, காவல் மருந்தன்று. காவலுக்குரியவை மெசலசீன், அசதயோபிறின் போன்ற வேறு மருந்துகள். "இக்குளிசையைப் போட்டால் சுகமாயிருக்கிறது" என்று மாதக்கணக்கில் அதனையே தொடர்வோர், பயனைப் பெறாமல் தீங்கை மட்டும் சேர்த்துக்கொள்கின்றனர்.

இனி, நிறுத்தும் முறைக்கு வருவோம். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அதிரீனற் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனை நாள்தோறும் சுரக்கின்றன. அதன் அளவு ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசொலோனுக்கு ஈடானது. குருதியில் இவ்வோமோன் போதியளவு உள்ளதா என்பதை மூளையின் பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் கண்காணித்து, குறைந்தால் அதிரீனலைத் தூண்டுகின்றன. வெளியிலிருந்து 40 மி.கி. வந்து சேரும்போது தூண்டல் நின்றுவிடுகின்றது. வேலையற்ற சுரப்பி வாரக்கணக்கிற் சுருங்குகின்றது. இந்நிலையில் குளிசையைத் திடீரென நிறுத்துபவர், வெளியோமோனும் இன்றி உள்ளோமோனும் இன்றித் தவிக்க நேரிடும். கடுஞ்சோர்வு, குமட்டல், தலைச்சுற்று, குருதியமுக்க வீழ்ச்சி என்பன தோன்றும். சிலவேளை மரணமும் நேரலாம். மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கில் கோட்டிசோன் உட்கொண்ட ஒருவர், சத்திரசிகிச்சையின் பின் அதிர்ச்சி நிலையடைந்து மீளாது இறந்தமையை 1952இல் அமெரிக்க மருத்துவர் அறிவித்தனர். மருந்தின் இம்முகம் அன்றுதான் உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வழக்கமாக நாளொன்றுக்கு 40 மி.கி. பிரெட்னிசொலோனுடன் சிகிச்சை தொடங்கும். இவ்வளவும் தற்செயலானதன்று: 1962இல் 20, 40, 60 மி.கி. அளவுகள் ஒப்பிடப்பட்டபோது, 40 மி.கி. இருபதிலும் பயனுடையதாகவும், 60 மி.கி. பயனிற் கூடாது பக்கவிளைவிற் கூடியதாகவும் காணப்பட்டது. தொகை முழுவதையும் காலையில், உணவுடன் ஒரே தடவையில் உட்கொள்ளல் வேண்டும். இயற்கையான கோட்டிசோல் விடியலில் உச்சமாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருப்பதனால் காலைவேளை அதன் ஓட்டத்துக்கு இசைந்தது. மாலையில் உட்கொண்டால் உறக்கமும் கெடும். பின்னர், வைத்தியர் வகுத்தபடி, பெரும்பாலும் வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைத்து ஏறத்தாழ எட்டு வாரங்களில் நிறுத்துவர். 40 இலிருந்து 20க்கு இறங்குவதை உடல் பொருட்படுத்தாதிருக்கலாம். அங்கே இன்னும் ஓமோன் மிகையாகவே உள்ளது. உடலின் இயல்பான அளவை அண்மிக்கும் கடைசி வாரங்களிலேதான் சுரப்பி மீள விழித்தெழ வேண்டியுள்ளது. சுகம் வந்துவிட்டது என்று நோயாளர் அவசரப்படுவதும் அவ்வாரங்களிலேதான்.

சுரப்பி முழுமையாக மீள மாதங்கள் செல்லலாம். ஆகையால் மூன்று வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உட்கொண்டவர், காய்ச்சலோ விபத்தோ சத்திரசிகிச்சையோ நேரும்போது அதனை வைத்தியருக்குத் தவறாது கூறவேண்டும். வாந்தியினாற் குளிசை வயிற்றில் தங்காவிடின் வீட்டிலிருத்தல் ஆகாது. ஊசிவழி ஓமோன் தேவைப்படும். முகம் பருத்தல், பசி மிகுதல், மனநிலை மாறுதல், குருதியில் வெல்லம் ஏறுதல், எலும்பு நலிதல், கண்புரை ஆகிய பக்கவிளைவுகள் பலரும் அறிந்தவை. எலும்பைக் காக்கக் கல்சியமும் விற்றமின் டியும் உடன் வழங்கப்படும். நீரிழிவுடையோர் வெல்ல அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளல் அவசியம்.

நாளொன்றுக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தடவை குருதியுடன் மலம் போவதோடு, உடல்வெப்பம் 37.8 பாகை செல்சியசையோ நாடித்துடிப்பு 90ஐயோ தாண்டினால் அது கடுமையான தாக்கம். துறூலவும் விற்சும் வகுத்த இவ்வளவுகோல் இன்றும் பயன்படுகின்றது. அந்நிலையில் குளிசையின் தொகையைத் தாமே கூட்டிப் பார்ப்பது ஆபத்தானது. வைத்தியசாலையில் நாளம் வழியே மருந்து செலுத்தப்படல் வேண்டும்.

அயன மண்டலத்தில் வாழும் எமக்கு மேலும் சில எச்சரிக்கைகள் உண்டு. அமீபாக் கழிச்சலும் குருதியோடு மலத்தைப் போக்கும். அதனைப் புண் அழற்சி எனக் கருதி ஸ்ரெரோயிட் கொடுத்தால் குடல் துளைபடவும் கூடும். மறைந்திருக்கும் காசநோயை இம்மருந்து எழுப்பிவிடலாம். வெறுங்காலின் தோல்வழியே மண்ணிலிருந்து புகும் ஸ்ரோங்கிலொயிடிசு என்னும் புழு, உடலினுள்ளேயே பெருகிப் பல்லாண்டு வாழவல்லது. இரண்டாம் உலகப்போரில் சயாம்–பர்மா இரயில் பாதையில் உழைத்த போர்க்கைதிகளிடம் முப்பது ஆண்டுகளின் பின்னும் அது காணப்பட்டது. நிர்ப்பீடனம் தளரும்போது அது உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கலாம். எனவே சிகிச்சைக்கு முன் மலப் பரிசோதனை செய்தல் வீண் செலவன்று. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் உழைப்போருக்கு அது முதற்றேவை.

இறுதியாக, மருத்துவ நூல்கள் அதிகம் பேசாத ஒன்று. பிரெட்னிசொலோன் மிக மலிவான குளிசை. பெயரோ அளவோ எழுதப்படாத சிறு கடித உறையில் அது கைமாறும் வழக்கம் எம்மிடையே முற்றாக ஒழிந்துவிடவில்லை. தாம் உட்கொள்வது ஸ்ரெரோயிட் என்று அறியாத ஒருவரால், அதனைத் திடீரென நிறுத்தலாகாது என்பதை எங்ஙனம் அறியமுடியும்? சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவர் எதனைக் கூறுவார்? பிரித்தானியாவில் 2020 முதல் இத்தகைய நோயாளர் உடன்கொண்டு செல்வதற்கென அவசரநிலை அட்டை ஒன்று வழங்கப்படுகின்றது. அத்தகைய அட்டைக்கு அச்சுக்கூடமும் ஆணையும் வேண்டியிருக்கலாம். ஆனால் அதே கடித உறையில் மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, தொடங்கிய திகதி, வாரந்தோறும் குறைக்கும் ஒழுங்கு என்பவற்றை நோயாளியின் மொழியில் எழுதிக்கொடுக்க ஒரு பேனை போதும். எழுதிக் கொடுக்கப்படாவிடின், கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.