பிழிந்த இழைகள்: சொல், கருவி, செய்முறை நோக்கில் இடியாப்பமும் சாத்தூர்ச் சேவும்

ஆய்வுச்சுருக்கம்

அரிசியை இழையாக்கி உண்ணும் வழக்கம் தென்னிந்தியா, இலங்கை தொடங்கிச் சீனம் வரை பரவியுள்ளது. தமிழில் இவ்வகை உணவுகளுள் முதன்மையானது இடியாப்பம். இது சங்க காலத்திலேயே வழங்கியது என்னும் கருத்து உணவு வரலாற்று எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. அக்கருத்துக்குச் சான்றாகும் பத்துப்பாட்டுப் பகுதிகளை இக்கட்டுரை மறுபடியும் நோக்குகிறது. உணவின் பெயரோடு கருவியின் பெயரையும் செய்முறை வினையையும் சேர்த்துக் கொள்ளும்போதே உணவுச் சொற்களின் வரலாறு தெளிவுபெறும் என்பதை, விருதுநகர் மாவட்டத்துச் சேவு, வடகம் ஆகியவற்றை முன்வைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இடியாப்பம், சேவை, சந்தகை, காராச்சேவு, உழக்கு, நாழி, பிழிதல், தேய்த்தல்

முன்னுரை

கோதுமை மாவைப் பிசைந்தால் அது இழுபடும். கையால் இழுத்தே நீண்ட இழையாக்கலாம். கோதுமையிலுள்ள பசைப்புரதமே இதற்குக் காரணம். அரிசியில் அப்புரதம் இல்லை. எனவே அரிசி மாவை இழையாக்க விரும்பிய எச்சமூகமும் இரண்டு இடர்களைக் கடக்க வேண்டியிருந்தது. மாவை ஒட்டச் செய்வது ஒன்று. ஒட்டிய மாவுக்கு இழை வடிவம் தருவது மற்றொன்று. முதல் இடருக்கு ஆசியா முழுவதும் கண்டறியப்பட்ட விடை வெப்பம். அரிசியின் மாப்பொருள் நீரோடு சேர்ந்து, அரிசியின் வகைக்கேற்ப ஏறத்தாழ 55 முதல் 79 பாகை செல்சியசு வெப்பத்தில் பசையாகிறது. இரண்டாம் இடருக்கு இரு விடைகள் தோன்றின. துளைகளின் வழியே பிழிவது ஒன்று. ஏடாக அவித்து நறுக்குவது மற்றொன்று. இவ்வெளிய அடிப்படையை மனங்கொண்டால், பல நாட்டு அரிசி இழை உணவுகளை அவற்றின் பெயர்களால் மயங்காது வகைப்படுத்த இயலும்.

ஆசிய அரிசி இழைகள்: செய்முறை வகைப்பாடு

முதல் வகையில் மாவு பிழியப்பட்ட பின்னரே முழுமையாக வேகிறது. வறுத்த அல்லது அவித்த அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, தட்டில் பிழிந்து, ஆவியில் அவிப்பது இடியாப்பம். இலங்கையில் சிவப்பரிசி மாவிலும் இது செய்யப்படுகிறது. சிங்களத்தில் வழங்கும் 'இந்தி ஆப்ப' என்னும் பெயரும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து விற்கப்படும் 'புட்டு மாயம்' என்னும் பண்டத்தின் முதற்சொல்லும் தமிழ்த் தொடர்பைக் காட்டுவன.

இரண்டாம் வகையில் மாவு முதலில் வேகிறது, பின்னர் பிழியப்படுகிறது. ஊறவைத்த அரிசியை அரைத்து, இட்டிலியாகவோ உருண்டையாகவோ அவித்து, சூடு ஆறுமுன் பிழிவது சேவை. கொங்கு நாட்டில் இது சந்தகை, சந்தவம் எனப்படும். வெந்த மாவு இறுக்கமானது. கைவிசை மட்டும் போதாது. எனவேதான் சந்தகைக்கு நெம்புகோல் அமைந்த, நிலைநிறுத்திய பெரிய கருவி தேவைப்பட்டது.

மூன்றாம் வகையில் இழை நேரே கொதிநீரில் பிழியப்படுகிறது. வியட்நாமின் 'பூன்', தாய்லாந்தின் 'கனோம் சீன்', பர்மாவின் மோகிங்கா என்னும் மீன்குழம்பு உணவில் இடப்படும் இழை ஆகியன இவ்வகையின. இவற்றுள் பலவற்றுக்கு அரிசி சில நாள் புளிக்க வைக்கப்படுகிறது. நான்காம் வகையில் மாவுக் கரைசல் மெல்லிய ஏடாக அவிக்கப்பட்டு நறுக்கப்படுகிறது. வியட்நாமின் 'ஃபோ', தென்சீனத்தின் 'ஹோ ஃபன்', மலாய் நாட்டுச் சீனரின் 'குவே தியோ' ஆகியன இதில் அடங்கும். ஐந்தாம் வகை, பிழிந்த இழையை உலர்த்திச் சேமிப்பது. சீனத்தின் 'மிஃபென்', மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 'பீகூன்' என வழங்குவது ஆகியன இவ்வகையின.

இந்த ஐந்தனுள் தமிழகத்தில் வேரூன்றியவை பிழியும் முறைகளே. நறுக்கும் முறை இங்கு அரிசி இழைக்கு வழக்கில் இல்லை. தமிழில் அரிசி இழையின் வரலாறு பெரிதும் பிழிகருவியின் வரலாறே ஆகும் என்பது இதனால் பெறப்படும்.

பத்துப்பாட்டுச் சான்றுகள்

இடியாப்பத்தைச் சங்க காலத்துக்குக் கொண்டுசெல்வோர், பெரும்பாணாற்றுப்படையையும் மதுரைக்காஞ்சியையும் சான்று காட்டுவர். கே.டி. அச்சயாவின் உணவு வரலாற்று நூல்கள் வழியாக இக்கருத்து ஆங்கிலத்தில் எழுதுவோரிடையேயும் பரவியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அப்ப வாணிகராகிய கூவியர் கரிய அகலில் பாகோடு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டமான பண்டம் ஒன்று பாலில் கிடக்கும் தோற்றம் உவமையாக வருகிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் தேனடையை ஒத்த மெல்லிய அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும், கூவியரும் பேசப்படுகின்றனர்.

இவற்றுள் இழை என்னும் குறிப்பு உள்ளது பெரும்பாணாற்றுப்படையில் மட்டுமே. அதனையும் நச்சினார்க்கினியர் அப்பம் என்றே கொண்டார். வட்ட வடிவும், இழையும், பாலும் இன்றைய இடியாப்பத்தை நினைவூட்டுவன என்பதில் ஐயமில்லை. ஆயினும் செய்முறை நோக்கில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, அங்குக் கூறப்படும் கலம் அகல். அது அடுவதற்கும் பொரிப்பதற்கும் உரியது. ஆவியில் அவிப்பதற்கான குறிப்பு அங்கில்லை. இரண்டாவது, பாகு பண்டத்தோடு சேர்த்தே பிடிக்கப்படுகிறது. இடியாப்பத்திலோ இனிப்பு, அவித்த பின்னர்ச் சேர்வது. மூன்றாவது, துளைக்கருவியோ பிழிதல் என்னும் வினையோ அங்கு இடம்பெறவில்லை. கலத்தில் மாவை நூல்போல் ஒழுகவிட்டுச் சுற்றினாலும் இழை சூழ்ந்த வட்டம் கிடைக்கும்.

ஆகவே, இழை வடிவப் பண்டம் ஒன்று சங்க காலத்தில் இருந்தது என்பதே அப்பாடல் தரும் உறுதியான செய்தி. அது பிழிந்து அவித்த அரிசி இழை என்பது, பாடலுக்கு வெளியிலிருந்து ஏற்றப்படும் முடிவு. சீனத்தின் லாஜியா அகழ்விடத்தில் ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமையுடைய தினை இழைகள் கிடைத்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டபோதும் இதனை ஒத்த வினாவே எழுந்தது. பசைப்புரதமற்ற தினையை எவ்வாறு இழையாக்கினர் என்பதே அறிஞரிடையே விவாதமாயிற்று. இழை கண்முன் இருந்த இடத்திலேயே செய்முறை விவாதத்துக்கு உரியதாயிற்று எனில், உவமை ஒன்றை மட்டும் கொண்டு செய்முறையை உறுதிசெய்வதில் எச்சரிக்கை மிகவும் தேவை.

பெயரும் கருவியும்

இடியாப்பம் என்னும் பெயரின் முதற்பகுதி இடித்த மாவைக் குறிப்பது. பிற்பகுதி அப்பம் என்னும் பொதுப்பெயர். இப்பெயரில் இழை பற்றிய குறிப்பே இல்லை என்பது கருதத்தக்கது. சீன மொழியின் 'மிஃபென்' என்பதும் சொற்பொருளால் அரிசி மாவையே சுட்டுகிறது. மாறாக, நூல்புட்டு, நூலப்பம் என்னும் மலையாள வழக்குகள் வடிவத்தைச் சுட்டுகின்றன. தாய் மொழியின் 'கனோம் சீன்' என்பதன் பிற்பகுதி சீனத்தைக் குறிப்பதுபோல் தோன்றினும், அச்சொல் மோன் மொழிவழி வந்தது என்பர். சொல்லின் மேற்றோற்றத்தை மட்டும் கொண்டு உணவின் தோற்றத்தை அறுதியிட இயலாமைக்கு இவை சான்றுகள்.

சேவை என்னும் பெயர் வடமொழி 'சேவிகா', கன்னடம் 'சாவிகெ', இந்தி 'சேவ்' ஆகியவற்றோடு ஓரினமானது. தொண்டு எனப் பொருள்படும் சேவை இதனின் வேறாய சொல். ஆக, தமிழகத்தில் ஒரே வகை இழையுணவு, ஒருபுறம் இடியாப்பம் என்னும் தமிழ்ப் பெயராலும், மறுபுறம் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சேவை என்னும் பெயராலும் வழங்குகிறது.

உணவின் பெயரைவிடக் கருவியின் பெயர்கள் ஆய்வுக்கு மிகுந்த பயன் தருவன. தென்மாவட்டங்களில் பிழிகருவி உழக்கு எனப்படும்: முறுக்கு உழக்கு, இடியாப்ப உழக்கு. சேவை பிழிவது சேவை நாழி. யாழ்ப்பாணத்தில் அது இடியப்ப உரல். உழக்கும் நாழியும் முகத்தலளவைப் பெயர்கள். நான்கு உழக்கு கொண்டது ஒரு நாழி. தானியம் அளந்த உருளைவடிவக் கலத்தின் பெயரே, அடியில் துளையிட்டு மேலிருந்து அழுத்தும் கருவிக்கும் ஆகியுள்ளது. உரல் என்னும் பெயரும் இவ்வாறே, முன்னரே வீட்டிலிருந்த கருவியின் வடிவமும் செயலும் பற்றி வந்தது. மூன்று வட்டாரங்கள் மூன்று வேறு பெயர்களை ஆக்கிக்கொண்டிருப்பது, கருவி பரவியபோது அதனோடு ஒரு பொதுப்பெயர் பரவவில்லை என்பதைக் காட்டுகிறது. பிழிகருவியின் காலத்தை ஆராய்வோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கரிசல் நிலத்து இழைகள்

1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து உருவான இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மலையடிப் பகுதிகள் நெல் விளைபவை. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களோ பெரும்பாலும் கரிசல் நிலம். அங்குக் கம்பும் சோளமும் அன்றாட உணவாக இருந்தன. நெல்லுச்சோறு நல்லநாள் உணவாக இருந்தது. இதனைக் கரிசல் இலக்கியங்கள் வழி அறியலாம். அரிசி அரிதாக இருந்த நிலத்தில், இழையாக்கும் நுட்பம் வேறு மூலப்பொருளைப் பற்றிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரின் காராச்சேவு அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

காராச்சேவில் கடலை மாவே மிகுதி. அரிசி மாவு மொறுமொறுப்புக்காகச் சேர்வது. மிளகாயும் பூண்டும் சுவை தருவன. இதற்கு உழக்கு தேவையில்லை. துளையிட்ட கரண்டியில் மாவை வைத்து, காயும் எண்ணெய்க்கு மேலாக உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பர். எண்ணெயின் சூட்டில் இழையின் புறப்பகுதி உடனே இறுகிவிடுவதால், முன்கூட்டியே மாவை வேகவைக்கும் தேவையும் நீங்குகிறது. இடியாப்பமும் முறுக்கும் பிழியப்படுகின்றன; சேவு தேய்க்கப்படுகிறது. பெயரால் சேவையோடு ஓரினமாகிய சேவு, வினையால் அதனின் வேறுபட்டு நிற்கிறது. உணவுப்பெயர்களை மட்டும் தொகுக்கும் அகராதியில் இவ்வேறுபாடு புலப்படாது. வினையையும் பதிவு செய்யும்போதே புலப்படும்.

வடகம் மற்றொரு சான்று. அரிசி மாவைக் கூழாகக் கிண்டி, உழக்கிலிட்டுத் துணியிலோ பாயிலோ பிழிந்து, வெயிலில் உலர்த்துவர். வேகவைத்தல், பிழிதல், உலர்த்தல் என்னும் இம்மூன்று படிகளும் இதே வரிசையில் சீனத்து உலர் அரிசி இழையிலும் உள்ளன. வேறுபாடு இறுதிப் படியில் மட்டுமே. அங்கு உலர்ந்த இழை நீரில் வேகிறது. இங்கு எண்ணெயில் பொரிகிறது. எனவே உலர் அரிசி இழை தமிழர் அறியாதது எனக் கூறுவது பொருந்தாது. அது சோற்றுக்குத் துணையாக நின்றதேயன்றித் தனியுணவாக வளரவில்லை என்பதே பொருத்தம். சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்குத் துணைநின்ற வறண்ட வெயிலே வடகத்துக்கும் உதவுகிறது.

சொற்பதிவின் தேவை

இன்று உலர் இழைகளும் இடியாப்ப மாவும் பொதியில் அடைத்து விற்கப்படுகின்றன. பொதியின்மேல் அச்சாகும் பெயரே கடைப்பெயராகவும், பின்னர் வீட்டுப்பெயராகவும் நிலைபெறுகிறது. 'ரைஸ் சேவை', 'ரைஸ் நூடுல்ஸ்' என்னும் பெயர்கள் சந்தகை, சந்தவம் போன்ற வட்டார வழக்குகளைப் பின்தள்ளக்கூடும். மின்விசையால் இயங்கும் பிழிபொறி வந்த இடத்தில் உழக்கு, நாழி என்னும் பெயர்களுக்கும் இடமில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார அகராதி, வட்டாரச் சொற்பதிவுக்கு வழிகாட்டியது. அவ்வழியில் உணவுத் தொழிலின் கருவிப்பெயர்களையும் வினைகளையும் தனியே தொகுப்பது இன்று உடனடித் தேவை. சேவு தேய்ப்போரும் வடகம் பிழிவோரும் கையாளும் சொற்கள், அக்கைத்தொழில் உள்ளவரையே கிடைக்கும்.

முடிவுரை

பெரும்பாணாற்றுப்படை இழை வடிவப் பண்டத்துக்குச் சான்றாகுமே அன்றி, பிழிந்து அவித்த இடியாப்பத்துக்கு உறுதியான சான்றாகாது. தமிழகத்து அரிசி இழைகள் பிழியும் முறையைச் சார்ந்தவை. அம்முறையின் வரலாறு உழக்கு, நாழி, உரல் என்னும் கருவிப்பெயர்களில் பொதிந்துள்ளது. சாத்தூர்ச் சேவும் கரிசல் நிலத்து வடகமும், இழையாக்கும் நுட்பம் நிலத்துக்கும் விளைபொருளுக்கும் ஏற்ப உருமாறியதை உணர்த்துகின்றன. பெயர், கருவி, வினை ஆகிய மூன்றையும் ஒருங்கே கொள்ளும் அகராதி முறை உருவாகுமாயின், சங்க இலக்கிய உணவுச் சொற்கள் பலவற்றுக்கும் உறுதியான பொருள் காண அது துணைபுரியும்.