பணியிட உரையாடல் பொதுவில் நடக்கும்போது

ஒரு நிறுவனத்தின் ஊழியர் எழுதும் கேள்வியையோ கருத்தையோ அவருடைய துறையைச் சேராத சக ஊழியர்களும் படிக்கவும், அதற்கு மறுமொழி இடவும், பின்னொரு நாள் தேடி எடுக்கவும் வழிசெய்யும் மென்பொருள்கள் பணியிடச் சமூகத் தொழில்நுட்பம் எனப்படுகின்றன. 2006இல் ஆண்ட்ரூ மெக்காஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் 'எண்டர்பிரைஸ் 2.0' என்று பெயரிட்டு விவரித்த இப்போக்கு, 2008இல் யாம்மர், 2014இல் ஸ்லாக், 2017இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என அடுத்தடுத்த வடிவங்களில் பரவியது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோவின் கிளிக், கனெக்ட் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

மின்னஞ்சலில் இருந்து இவை வேறுபடும் இடம் வேகம் அன்று. யார் படிக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலில் அனுப்புநரே முன்கூட்டி முடிவுசெய்துவிடுவதால், விடை தெரிந்த ஒருவர் அடுத்த தளத்திலேயே இருந்தாலும், பெறுநர் பட்டியலில் இடம்பெறாதவரை அக்கேள்வி அவரை எட்டுவதில்லை. கிடைத்த விடையும் இருவரின் அஞ்சல்பெட்டிகளோடு நின்றுவிடுகிறது. சேனல் எனப்படும் பொதுத் திரியில் அதே கேள்வி எழுதப்படும்போது, யார் படிப்பது என்ற முடிவு படிப்பவரின் கைக்கு மாறுகிறது.

இம்மாற்றத்தின் பயனைப் பால் லியோனார்டி என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் அளந்து பார்த்தார். இரு பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் உள்வலைச் சமூகத் தளம் கொடுக்கப்பட்டு ஆறு மாதங்கள் கழிந்தபின், பணிக்குத் தேவையான அறிவு எந்தச் சக ஊழியரிடம் உள்ளது என்பதைக் கண்டறியும் வாய்ப்பு அப்பிரிவினரிடையே 31 விழுக்காடும், அவரிடம் தம்மை அறிமுகப்படுத்தக்கூடியவர் யார் என்பதைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 88 விழுக்காடும் கூடியிருந்தன; தளம் இல்லாத பிரிவில் எந்த முன்னேற்றமும் இல்லை. இதில் கருதத்தக்கது என்னவெனில், இந்த அறிவு கேட்டுப் பெற்றதைவிட, பிறர் தமக்குள் பேசிக்கொண்டதைப் போகிறபோக்கில் படித்ததால் சேர்ந்தது என்பதே. வீண் அரட்டை என்று மேலாளர்கள் ஒதுக்கக்கூடிய பதிவுகளுக்கும், அறிமுகமற்றவரை அணுகத் துணிவு தருவதில் பங்கு இருக்கிறது.

எனினும், கருவியை நிறுவுவதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை. பிரான்ஸின் அட்டோஸ் நிறுவனத்தில், ஊழியருக்கு நாள்தோறும் வரும் ஏறத்தாழ 200 மின்னஞ்சல்களில் பத்தில் ஒன்றே பயனுள்ளது என்று வாதிட்ட தலைவர் தியரி பிரெட்டோன், மூன்றாண்டுகளில் அகமின்னஞ்சலை அறவே ஒழிக்கப்போவதாக 2011இல் அறிவித்து, அடுத்த ஆண்டே புளூகிவி என்ற சமூகத் தள நிறுவனத்தை வாங்கினார். மின்னஞ்சல் கணிசமாகக் குறைந்ததே தவிர ஒழியவில்லை.

பிறர் பார்வைக்கு உட்படும் பேச்சு, மேலதிகாரியின் பார்வைக்கும் உட்பட்டதே. இக்கருவிகளை விற்போர் அதிகம் பேச விரும்பாத பகுதி இது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டீன் தென்சீனக் கைபேசித் தொழிற்சாலை ஒன்றில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு மென்பொருளைப் பற்றியதன்று என்றாலும் இங்குப் பொருந்துகிறது: உற்பத்தி வரிசையைத் திரைச்சீலையால் மறைத்தபோது உற்பத்தித்திறன் 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்தது, ஏனெனில் விதிப்படி நடப்பதாகக் காட்டிக்கொள்ளும் தேவை நீங்கியதால், தொழிலாளர் தாம் கண்டறிந்த நல்ல வழிகளைத் தயங்காமல் கையாண்டு ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டனர். எல்லாச் சேனல்களிலும் மேலாளர் அமர்ந்திருக்கும் நிறுவனத்தில் வாழ்த்துச் செய்திகள் பெருகுவதும், உண்மையான ஐயங்கள் வேறிடம் தேடிப் போவதும் இதனால் வியப்புக்குரியவை அல்ல.

இந்தியாவில் அந்த வேறிடம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவாகவே இருக்கிறது. பல சிறு நிறுவனங்களில் அதிகாரபூர்வத் தளமும் அதுவே. சொந்த எண்ணிலேயே அலுவலகம் நடப்பதால், ஊழியர் விலகும்போது அவருடைய தனி உரையாடல்களில் இருந்த தகவல்கள் நிறுவனத்துக்குக் கிடைக்காமல் போகின்றன. பணியில் உள்ளவருக்கோ வேலைநேரம் முடியும் எல்லை மறைந்துபோகிறது. பிரான்ஸில் 2017 முதல், 50 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள் பணிநேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர் தரப்புடன் பேசியாக வேண்டும். அதே உரிமையைக் கோரி மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.